முச்சந்தியில் கொட்டாத சக்கை

வேலையை விட்டு வீட்டில் உட்கார்ந்த பிறகும், காலையில் கண் விழித்ததும் எனக்கு வரும் முதல் நினைப்பு, கடையில் மருந்து காய்ச்சும் அடுப்பை அணைத்தேனா இல்லையா என்பதுதான். அந்த அடுப்பு இப்போது உங்கள் கையில் இருக்கிறது, பிள்ளைகளே. அணைத்துவிடுவீர்கள் என்று தெரியும். இருந்தாலும் மனம் கேட்கமாட்டேன் என்கிறது. அணைத்தீர்களா?

சீன மருந்துக் கடையில் வேலைக்குச் சேர்ந்திருக்கும் நம் பிள்ளைகளுக்கு, பார்த்தது கேட்டதில் கொஞ்சம் எழுதிக் கொடுங்கள் என்று நம் கடை வைத்தியர், சின்சே, என்னிடம் கேட்டார். எழுதுவதற்கு நான் ஆளில்லை. தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில் ஆறாம் வகுப்போடு என் படிப்பு முடிந்தது. அம்மா பால்மரம் வெட்டப் போனால் வீட்டில் தம்பி தங்கைகளைப் பார்க்க ஆள் வேண்டும், அந்த ஆள் நான்தான். ஆகவே பிழை இருந்தால் நீங்களே திருத்திப் படித்துக்கொள்ளுங்கள்.

எந்த இழுப்பறையில் எது இருக்கிறது, எப்படி நிறுப்பது, பொட்டலத்தை எப்படி மடிப்பது என்றெல்லாம் நான் சொல்லப்போவதில்லை. கை பழகினால் அது தானாக வந்துவிடும். கை பழகியும் வராத ஒன்று உண்டு. கவுண்டருக்கு அந்தப் பக்கம் நிற்கிறவர் ஒன்றைக் கேட்கும்போது, சொல்லாமல் விட்டது என்னவாக இருக்கும் என்று யோசிப்பது. நான் எல்லாவற்றுக்கும் பயப்படுகிறவள். அதனால் எனக்கு அது கொஞ்சம் சீக்கிரமே வந்தது. பயப்படாதவர்கள் மெனக்கெட்டுத்தான் பழக வேண்டும்.

நம் கடை ராசாவில், ஆஸ்பத்திரிக்குப் போகிற சாலையில் இருக்கிறது. லாபு பக்கத்துத் தோட்டங்களிலிருந்து டாக்டரைப் பார்க்க வருகிறவர்கள், திரும்பும் வழியில் நம்மிடமும் ஏறி இறங்குவார்கள். ஒரு கையில் ஆஸ்பத்திரி மருந்துப் பை தொங்கும். அதை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டுதான் உள்ளே வருவார்கள். இங்கே வாங்கியதை அங்கே சொன்னால் டாக்டர் ஏசுவார் என்று பயம். அங்கே கொடுத்ததை இங்கே சொன்னால் சின்சே கோபித்துக்கொள்வார் என்று பயம். இரண்டு மாமியார் இருக்கும் வீட்டுக்கு வாழ்க்கைப்பட்ட பெண் போல, இருவரிடமும் தலையை ஆட்டிவிட்டு எதையும் சொல்லாமல் போவார்கள்.

இன்னொரு பழக்கமும் உண்டு. மருந்து யாருக்கு என்று கேட்டால் "எனக்குத்தான்" என்பார்கள். மகளுக்கு மாதாந்திரத் தொல்லை இருக்கும். மீசை வைத்த அப்பா வந்து நின்று எனக்குத்தான் என்பார். புற்றுநோய் என்றால் கேட்கவே வேண்டாம். அந்தப் பெயரையே வாயில் எடுக்கமாட்டார்கள். 'அந்த நோவு' என்பார்கள், அதுவும் பக்கத்து வீட்டுக்காரருக்கு என்பார்கள்.

சின்சேயை நீங்கள் வெள்ளைக் கோட்டில்தான் பார்த்திருப்பீர்கள். பழைய தவுக்கே, அதாவது கடை முதலாளியின் மகள் அவர். நான் கடைக்கு வந்தபோது கவுண்டருக்கு அடியில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்த குழந்தை. நான் வாடிக்கையாளர்களோடு பேசுவதைக் கேட்டுக் கேட்டே தோட்டத்துத் தமிழ் படித்துக்கொண்டார். கல்லூரிக்குப் போய் முறையாக வைத்தியம் படித்துவிட்டுத் திரும்பிவந்த அன்றிலிருந்து நான் அவரைச் சின்சே என்றுதான் கூப்பிடுகிறேன். கடையை மூடிய பிறகு மட்டும் அமோய், சின்னப் பெண்ணே, என்பேன். அவருக்கு நான் எப்போதும் மேரி ஆன்ட்டிதான்.

அவர் பொறுப்பேற்றதும் முதலில் செய்த காரியம் ஒன்று உண்டு. கீமோ ஊசி போட்டுக்கொண்டிருப்பவர்களுக்கு, ஆஸ்பத்திரிக்குத் தெரியாமல் ஒரு பொட்டலமும் கட்டக்கூடாது என்றார். வைத்தியம் இரண்டும் சேர்ந்து போகலாம், ஆனால் ஒன்றுக்கு மற்றது தெரியாமல் போகக்கூடாது என்பது அவர் கட்சி. வாடிக்கையாளர் சிலர் வேறு கடைக்குப் போய்விட்டார்கள். மருந்து கொடுக்காத மருந்துக்கடை என்று கேலி பேசினார்கள். தவுக்கே முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டார். இப்படியே போனால் கடை என்ன ஆகும் என்று நான் வழக்கம்போல் கவலைப்பட்டேன். இனி நான் சொல்லப்போகும் சாந்தி விஷயம் அந்தச் சமயத்தில் நடந்ததுதான்.

ஒரு மத்தியானம், செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஒன்று கடைக்கு முன்னால் வந்து நின்றது. ஓட்டிவந்தவர் இறங்கி உள்ளே வந்தார். பெயர் குணா, லாபு பக்கத்துத் தோட்டம் ஒன்றில் வேலை. அதற்கு முன் இரண்டொரு தடவை இருமல் மருந்து வாங்கியிருக்கிறார், அவ்வளவுதான் பழக்கம். உடம்பு சூடாக இருக்கிறது, கண்ணெல்லாம் எரிகிறது, சூடு தணிய ஒரு பாக்கெட் கொடுங்கள் என்றார்.

"யாருக்குப்பா?" என்று கேட்டேன்.

"எனக்குத்தாங்க்கா."

அவர் கண்ணைப் பார்த்தேன். அவித்து உரித்த முட்டை போல வெள்ளையாக இருந்தது. எரிகிற கண் அப்படி இருக்காது. வெளியே பார்த்தேன். அந்த வெயிலில், லோரியின் கண்ணாடியை முழுக்க ஏற்றிவிட்டு உள்ளே ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். தலையில் துண்டு கட்டி, கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தாள். வண்டியில் யார் என்று கேட்டேன். வீட்டுக்காரி என்றார். கூப்பிடுங்களேன், கொஞ்சம் காற்றாட உட்காரட்டும் என்றேன். அவளுக்குக் காற்று ஒத்துக்கொள்ளாது என்றார்.

சும்மா பாக்கெட்டைக் கொடுத்து அனுப்பியிருக்கலாம். சூடு தணிக்கிற பாக்கெட் எல்லாரும் வாங்குவதுதான். ஆனால் அன்று அதைக் கொடுத்திருந்தால் ராத்திரி பூராவும் நான் கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பேன். என் தூக்கத்துக்காகத்தான் ஒரு குவளைத் தண்ணீரை எடுத்துக்கொண்டு வெளியே போனேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

லோரிக் கதவைத் தட்டினேன். அவள்தான் சாந்தி. கண்ணாடியை இறக்கினாள். தண்ணீர் வேண்டாம் என்று சொல்லிக் கும்பிட்டாள். நல்ல பெண் என்று அந்தக் கும்பிட்டிலேயே தெரிந்தது. கொஞ்சம் அந்தக் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றும்மா என்றேன். முதலில் தயங்கினாள், பிறகு கழற்றினாள். கண் இரண்டும் மஞ்சள் கரைத்த தண்ணீர் போல இருந்தன.

நான் போட்ட சத்தத்தில் சின்சே சாலைக்கே வந்துவிட்டார். கண்ணைப் பார்த்தார், உள்ளங்கையைப் பார்த்தார், பிறகு குணாவைப் பார்த்தார். என்ன வைத்தியம் நடக்கிறது என்று ஒரே ஒரு தடவைதான் கேட்டார். குணா தலையைக் குனிந்துகொண்டு, மார்பில் கட்டி, ஆப்ரேஷன் ஆகிவிட்டது, கீமோ ஓடிக்கொண்டிருக்கிறது என்று தரையிடம் சொன்னார்.

"இதுக்கு என்கிட்ட மருந்து இல்ல," என்றார் சின்சே. "இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போங்க."

டாக்டரைப் பார்க்கும் நாள் அடுத்த வாரம்தான் என்றாள் சாந்தி. அடுத்த வாரம் வரை இதை வைத்துக்கொண்டிருக்கக்கூடாது என்றார் சின்சே. அப்போதுதான் சாந்திக்கு அழுகை வந்தது.

"ஞாயித்துக்கிழம மவளுக்குப் பரிசம் போட வராங்க சின்சே. இப்ப போனா என்னைப் படுக்க வச்சிருவாங்க."

ஒரே மகள். மாப்பிள்ளை வீட்டார் கெமாஸிலிருந்து வரப்போகிறார்கள். தோட்டத்தில் எல்லாருக்கும் சொல்லியாகிவிட்டது. அந்த ஒரு நாள் தாண்டட்டும், திங்கட்கிழமை எங்கே வேண்டுமானாலும் வருகிறேன் என்றாள்.  நான் சின்சேயைப் பார்த்தேன். அவர் வாதாடவில்லை. பயமுறுத்தவும் இல்லை. என் பக்கம் திரும்பினார்.

"நீங்க கூடப் போங்க ஆன்ட்டி. இங்க இருந்தீங்கன்னா, போயிருப்பாங்களா போயிருப்பாங்களான்னு கேட்டே என்னைக் கொன்னுருவீங்க."

சாந்தி அழுகைக்கு நடுவே சிரித்துவிட்டாள். சிரித்த பிறகு ஒருத்தியால் முன்போல் பிடிவாதம் பிடிக்க முடியாது. நான் லோரிக்குள் ஏறி அவளை இடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். வண்டி கிளம்பிவிட்டது.

ஆஸ்பத்திரியில் இரத்தம் எடுத்தார்கள். டாக்டர் ஒரு மலாய்ப் பெண், சின்சே வயதுதான் இருக்கும். வேறு ஏதாவது மருந்து, கஷாயம், வேர், மாத்திரை எடுத்தீர்களா என்று பொறுமையாகக் கேட்டார். இல்லை என்றாள் சாந்தி. மறுபடியும் கேட்டார். இல்லவே இல்லை என்றாள். இரத்த முடிவைப் பார்த்துவிட்டு டாக்டர் நாற்காலியை இழுத்துப் போட்டு எங்கள் பக்கத்தில் உட்கார்ந்தார். டாக்டர்கள் நல்ல செய்தியை நின்றுகொண்டே சொல்லிவிடுவார்கள்.

கல்லீரல் கெட்டிருக்கிறது என்றார். கீமோ மருந்தால் இருக்கலாம், நோய் அங்கே பரவியதால் இருக்கலாம், வேறு ஏதாவதாலும் இருக்கலாம். காரணம் தெரியாமல் அடுத்த ஊசி போட முடியாது. கீமோ மருந்துதான் காரணம் என்றால் அதை நிறுத்திவிட்டு வேறு வழி தேட வேண்டும் என்றார். இப்போது ஓடுகிற மருந்துக்குக் கட்டி நன்றாகக் கேட்டுவருகிறது, அதை விடத் தனக்கு மனமில்லை என்றும் சொன்னார்.

அவர் ஸ்கேனுக்கு ஏற்பாடு செய்யப் போன பிறகு சாந்தி என் சேலைத் தலைப்பைப் பிடித்து இழுத்தாள்.

"அக்கா, சொன்னா கீமோவ நிறுத்திருவாங்களா?"

"சொல்லாட்டித்தாம்மா நிறுத்துவாங்க," என்றேன்.

அவள் தலைத்துண்டை அவிழ்த்தாள். ஒரு முடி இல்லை. காதுக்கு மேலே மட்டும் பூனை மயிர் போல ஏதோ இருந்தது. பசார் மாலாம் என்கிற ராத்திரிச் சந்தையில் ஒருவர் வேர் விற்றாராம். காய்ச்சிக் குடித்தால் முடி கறுகறுவென்று வளரும் என்றாராம். சந்தை கூடுகிற நாளெல்லாம் போய் வாங்கி, குணா வேலைக்குப் போன பிறகு காய்ச்சிக் குடித்திருக்கிறாள். அவருக்கே அப்போதுதான் தெரிகிறது. கண் மஞ்சளானதும் சூடு என்று நினைத்துவிட்டார்கள்.

"நீ மொட்டையா இருந்தாலும் எனக்கு ஒண்ணுதான்னு சொன்னேனே," என்றார் குணா.

"உங்களுக்கா பரிசம் போட வராங்க?" என்றாள் சாந்தி.

நான் வெளியே போய் டாக்டரைத் தேடிப் பிடித்துச் சொன்னேன். ஏசுவார் என்று நினைத்துச் சுவர் ஓரமாக நின்றுகொண்டேன். அவர் ஏசவில்லை. சொன்னதற்கு நன்றி என்றார். ஆனால் என்ன வேர் என்று தெரிந்தால்தான் உதவும், மிச்சம் இருந்தால் கொண்டுவாருங்கள் என்றார். மிச்சம் இல்லை. எல்லாம் குடித்தாகிவிட்டது. விற்றவர் யார் என்றும் தெரியாது.

சின்சேக்குப் போன் போட்டேன். அவர் ஒரு நொடி யோசித்துவிட்டு, "சக்கை?" என்று கேட்டார்.

மருந்துச் சக்கையைப் பற்றி உங்களுக்குக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பழைய சீனர்கள் காய்ச்சிய மருந்தின் சக்கையைக் குப்பையில் போடமாட்டார்கள். சாலையில், நாலு பேர் நடக்கிற இடத்தில் கொட்டுவார்கள். மிதிக்கிறவர்கள் காலோடு நோய் போய்விடும் என்பது நம்பிக்கை. நாம் பூசணிக்காயையும் எலுமிச்சம் பழத்தையும் முச்சந்தியில் போடுகிறோமே, அதே கணக்குத்தான். இரண்டு இனமும் கலந்து வாழ்கிற இந்த ஊரில் இதனால் வேடிக்கையும் நடந்திருக்கிறது. ஒரு தடவை கோயிலுக்குப் போகும் வழியில் கிடந்த மருந்துச் சக்கையைப் பார்த்துவிட்டு, யாரோ சூனியம் வைத்துவிட்டார்கள் என்று வரிசை வீட்டு லயமே ஒன்றாகத் திரண்டு பூசாரியைக் கூட்டிவந்தது. அவர் குனிந்து மோந்து பார்த்தார். முட்டிவலிக்கு அவரே நம் கடையில் வாங்கிக் குடிக்கிற பாக்கெட் அது. சொன்னால் மானம் போகும், சொல்லாவிட்டால் ஊர் கலையாது. கொஞ்சம் திருநீற்றைத் தூவி, "இது ஒண்ணும் பண்ணாதுடா, போங்க," என்று அனுப்பிவைத்தாராம். மறுவாரம் வந்து என்னிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

சாந்தியிடம் வேர் விற்ற ஆளும் அதையே சொல்லியிருக்கிறார். சக்கையை முச்சந்தியில் கொட்டு, நோய் மிதிக்கிறவனோடு போய்விடும் என்று. ஸ்கேனுக்கு அவளைத் தள்ளிக்கொண்டு போனார்கள். நானும் குணாவும் தோட்டத்துக்கு லோரியை விட்டோம்.

தோட்டத்து முச்சந்தி என்பது லயத்துச் சாலையும் ஆலைச் சாலையும் பெரிய சாலையும் சேருகிற இடம். குலை லோரிகள் நாள் முழுக்கப் போய்வருகிற செம்மண். நான் ஒரு பக்கமும் குணா ஒரு பக்கமும் குனிந்து தேடினோம். டயர்த் தடம்தான் இருந்தது. ஒரு சருகு கூட முழுதாக இல்லை. குணா அங்கேயே குந்திவிட்டார்.

"நாந்தாங்க்கா ஏத்தி நசுக்கியிருப்பேன். தெனமும் இந்த வழியாத்தானே போறேன்."

அவர் அழுவாரோ என்று எனக்குப் பயமாகிவிட்டது. ஆண்பிள்ளை அழுதால் என்ன செய்வது என்று எனக்குத் தெரியாது. எந்த இடத்தில் கொட்டினாள் என்று சரியாகக் கேட்போம், ஓரமாக எங்காவது ஒட்டிக்கொண்டிருக்கும் என்று சொல்லிப் போனைக் கொடுத்தேன். சாந்தி ஸ்கேன் முடிந்து வந்திருந்தாள். குணா கேட்டார். அக்காவிடம் கொடுங்கள் என்றாளாம். நான் போனை வாங்கிக் கேட்டேன்.

"நான் அங்க கொட்டலக்கா," என்றாள்.

"பின்ன எங்கம்மா?"

"ஸ்கூல் பஸ்சு அங்கதான நிக்குது. புள்ளைங்க மிதிச்சா? எனக்கு வந்தது அதுங்களுக்குப் போவணுமா?"

வீட்டுக்குப் பின்னால் வேலி ஓரத்தில் பட்டுப்போன செம்பனை ஒன்று நிற்கிறது, அதன் அடியில், யாரும் போகாத இடத்தில் கொட்டியிருக்கிறாள். கோழி கிளறி மிதித்துவிடக்கூடாதே என்று மேலே ஒரு தகரத்தையும் போட்டு, தகரத்தின் மேல் கல்லும் வைத்திருக்கிறாள்.

நான் இதை வார்த்தை மாறாமல் குணாவிடம் சொன்னேன். அவர் எழுந்து வேட்டியைத் தட்டுவது போல வெறும் காற்சட்டையைத் தட்டினார்.  வீடு வரைக்கும் வேகமாக நடந்தார், நான் பின்னால் ஓடினேன்.

தகரம் அவள் சொன்ன இடத்திலேயே இருந்தது. தூக்கிப் பார்த்தால் அத்தனையும் அப்படியே, மழை படாமல், கால் படாமல், குவியலாகக் கிடந்தது. முச்சந்தியில் கொட்டியிருந்தால் இந்நேரம் மண்ணோடு மண். ஒருத்தருக்கும் கெடுதல் வரக்கூடாது என்று அவள் மூடிவைத்தது எங்களுக்காக மூடிவைத்தது போல இருந்தது.

ஆனால் அதைத் தொட வேண்டுமே. நோயைக் கழித்துப் போட்டதைத் திரும்பக் கையால் அள்ளுவதா? நான் கோயிலுக்கு அல்ல, மாதா தேவாலயத்துக்குப் போகிறவள். இருந்தாலும் தோட்டத்தில் பிறந்த உடம்பு இது, சில பயங்கள் ஞானஸ்நானத்தில் போகாது. நான் சிலுவை போட்டுக்கொண்டேன். குணா காளியாத்தாளைக் கூப்பிட்டார். என்னிடம் இருந்த பிளாஸ்டிக் பையைக் கையில் மாட்டிக்கொண்டு இருவருமாக அள்ளினோம். அள்ளி முடித்ததும் குணா தகரத்தைப் பழையபடியே வைத்து, மேலே கல்லையும் வைத்தார். இனி அடியில் ஒன்றும் இல்லையே என்றேன். அவ பாத்தா கேப்பாக்கா என்றார்.

கடைக்கு வந்ததும் சின்சே செய்தித்தாளை விரித்துச் சக்கையைப் பரப்பினார். கொஞ்சத்தைத் தண்ணீரில் ஊறவைத்துக் கழுவினார். சாப்பிடும் குச்சியால் ஒவ்வொன்றாகப் புரட்டினார். மோந்து பார்த்தார். பிறகு நம் இழுப்பறை ஒன்றைத் திறந்து ஒரு துண்டை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். ஹோ சௌ வூ என்றார். நரைமுடிக்கு நம்மிடமே ஆட்கள் கேட்டு வாங்குவார்களே, அந்த வேர். பக்குவம் செய்யாமல், அளவில்லாமல் குடித்தால் சிலருக்குக் கல்லீரலைக் கெடுத்துவிடும், கீமோ ஓடுகிறவர்கள் கிட்டவே போகக்கூடாது என்று அவர் எங்களுக்கு எப்போதும் சொல்வார்.

"அப்ப இதுதான் காரணமா?" என்று குணா எட்டிப் பார்த்தார். முகத்தில் அவ்வளவு ஆசை.

இங்கேதான் பிள்ளைகளே, நான் சின்சேயை இன்றைக்கும் நினைத்துக்கொள்வது. ஆமாம் என்று சொல்லியிருந்தால் அந்த மனிதர் அவர் காலில் விழுந்திருப்பார். சின்சே அப்படிச் சொல்லவில்லை.

"இது உள்ள போயிருக்குன்னுதான் எனக்குத் தெரியும். இதுதான் காரணமான்னு டாக்டர் சொல்லட்டும்லா."

வெள்ளைக் கோட்டைக் கழற்றி வைத்துவிட்டு அவரே பொட்டலத்தை எடுத்துக்கொண்டு எங்களோடு ஆஸ்பத்திரிக்கு வந்தார். வார்டுக்கு வெளியே அவரும் அந்த மலாய் டாக்டரும் செய்தித்தாளுக்கு மேல் தலையோடு தலை வைத்து வெகுநேரம் பேசினார்கள். மாமியார் இருவரும் சண்டைபோடுவார்கள் என்றுதானே நாம் எல்லாரும் பயப்படுகிறோம். இங்கே என்னடா என்றால் ஒருவர் போனை ஒருவர் வாங்கிப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

ஸ்கேனில் கல்லீரலில் கட்டி எதுவும் இல்லை. வேரை நிறுத்தியதோடு இரத்தத்தை அடிக்கடி பார்த்துக்கொண்டே இருந்தார்கள். அந்த நாட்களில் நான் குணாவுக்குப் போன் போட்டு அவர் உயிரை வாங்கினேன். மெல்ல மெல்ல மஞ்சள் இறங்கியது. வேர்தான் பெரும்பாலும் காரணம் என்றும், பழைய கீமோவையே தொடரலாம் என்றும் டாக்டர் முடிவு செய்த அன்று குணா கடைக்கு வந்து, கவுண்டருக்கு முன்னால் நின்று, என்ன வேண்டும் என்று கேட்டதற்கு ஒன்றும் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போனார்.

பரிசம் அந்த ஞாயிறு நடக்கவில்லை. சாந்தி ஆஸ்பத்திரியில் இருக்கிறாள் என்று கேள்விப்பட்டதும் மாப்பிள்ளையின் அம்மா கெமாஸிலிருந்து போன் செய்தாராம். சம்பந்தி இல்லாமல் யாருக்குப் பரிசம் போடுவது, அவர் எழுந்து வரட்டும் என்றாராம். என்ன நோய் என்று அவர் கேட்கவில்லை. இவர்களும் சொல்லவில்லை.

ஊசி மறுபடி ஆரம்பித்ததும் சாந்திக்குக் குமட்டல் அதிகமானது. குணா நம் கடைக்கு வந்தார். இந்தத் தடவை நான் கேட்பதற்கு முன்பே, வீட்டுக்காரிக்கு என்றார். சின்சே டாக்டரிடம் கேட்டார். ஆஸ்பத்திரி கொடுக்கிற குமட்டல் மாத்திரை அப்படியே போகட்டும், அதோடு சேர்த்து மணிக்கட்டில் ஓர் இடத்தை அழுத்திவிடுவதில் கெடுதல் இல்லை, சிலருக்கு நன்றாகக் கேட்கிறது என்று பேசிக்கொண்டார்கள். பொட்டலம் ஒன்றும் கட்டவில்லை. சின்சே சாந்தியின் கையைத் திருப்பி, உள்பக்கம், மணிக்கட்டு மடிப்புக்குக் கொஞ்சம் மேலே, இரண்டு நரம்புக்கு நடுவே கட்டைவிரலை வைத்துக் காட்டினார். குணா பழகுவதற்கு என் கையைக் கொடுத்தேன். லோரி ஓட்டுகிற விரல், எனக்கு உயிர் போனது.

"இது கியர் இல்ல அண்ணே, பொண்டாட்டி கை," என்றார் சின்சே.

அதன் பிறகு ராசா சாலையில் சிவப்பு விளக்குக்கு அந்த லோரி நிற்கும்போதெல்லாம் பார்த்திருக்கிறேன். ஒரு கை ஸ்டியரிங்கில், ஒரு கை அவள் மணிக்கட்டில் இருக்கும்.

பரிசத்துக்கு எனக்கும் சின்சேக்கும் அழைப்பு வந்தது. கூட்டம் சேரலாமா என்று டாக்டரிடம் கேட்டு, ஊசிக்கும் ஊசிக்கும் நடுவே ஒரு நல்ல நாளாகப் பார்த்து, வீட்டு வாசலில் கூடாரம் போட்டிருந்தார்கள். யாராவது தும்முகிறார்களா என்று நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். சாந்தி பட்டுச்சேலை கட்டி, அதே நிறத்தில் தலைத்துண்டு கட்டி, துண்டின் மேல் மல்லிகைச் சரத்தைச் சுற்றியிருந்தாள். அவ்வளவு அழகாக இருந்தாள்.

தட்டு மாற்றுகிற நேரம் வந்தது. பின்னால் ஆட்டிறைச்சி கொதிக்கிற வாசம் கூடாரத்துக்குள் வந்தது. சாந்தியின் முகம் மாறுவதை நான் பார்த்தேன், எனக்கு முன்பே குணா பார்த்துவிட்டார். எல்லார் முன்னாலும் அவள் கையை எடுத்து மணிக்கட்டில் கட்டைவிரலை வைத்தார். பெண்கள் பக்கமிருந்து ஒரு சிரிப்புக் கிளம்பியது.

"என்னா குணா, மாப்பிள்ள அங்க இருக்காரு, நீ கையப் புடிச்சிக்கிட்டு நிக்கிற?"

 என்ன சொல்லப்போகிறார்? பழையபடி எனக்குத்தான், எனக்குக் கை வலிக்கிறது என்று ஏதாவது சொல்லிவிடுவாரோ?

"அவளுக்குக் கேன்சரு," என்றார் குணா. "மருந்து கொமட்டுது. இங்க புடிச்சா நிக்கும்."

 சாந்தி தலையைக் குனிந்துகொண்டாள். மாப்பிள்ளையின் அம்மா கையில் தட்டோடு எதிரில் நின்றார். தட்டைப் பக்கத்தில் இருந்த தன் மகனிடம் கொடுத்தார். முன்னால் வந்து சாந்தியின் இன்னொரு கையை எடுத்தார்.

"எங்க சம்பந்தி, அந்த எடத்த எனக்கும் காட்டுங்க," என்றார்.

குணா காட்டினார். அந்த அம்மாள் அழுத்தத் தொடங்கினார். சின்சே என் முழங்கையைக் கிள்ளி, இடம் சரிதான் என்பது போலத் தலையை ஆட்டினார்.

மாப்பிள்ளை தட்டை நீட்டினார். இரண்டு கையையும் இரண்டு பேர் பிடித்திருந்ததால், அதை வாங்கச் சாந்திக்குக் கை இல்லை. குமட்டல் அடங்கும் வரை பரிசத் தட்டு அப்படியே காத்திருந்தது.